கூட்டம் தெரியாத கொடையாளர்

என் விந்தில் உயிரணுவே இல்லை என்று கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் பட்டறை வைத்து, ஊர்க் கிணறுகளையெல்லாம் இறைக்க வைத்தவன் நான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மனைவிக்கு முப்பத்தேழு வயது. இன்னொருவர் விந்தைக் கொண்டு முயலலாம், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

ஸ்வீடனில் வேலை பார்த்த மச்சினன் ஃபோனில் சொன்னான்: "இங்க அதுக்குச் சட்டமே இருக்குதுங்க மாமா. குடுத்தவரு பேரை எழுதி வெச்சிருப்பாங்க. புள்ள பெருசாகிக் கேட்டா சொல்லியாகணும்."

எனக்கு வேர்த்துவிட்டது. என் பிள்ளை எவனையோ தேடிக் கிளம்புவதும் நான் பின்னால் ஓடுவதும் கண்ணில் தெரிந்தது. பிள்ளை கருவாவதற்கு முன்பே டாக்டரிடம் ஓடினேன்.

"நம்ம நாட்டுல அப்படிச் சட்டம் ஏதும் இல்லைங்க. பேரை யாருக்கும் சொல்ல மாட்டோம்," என்றார்.

போன உயிர் திரும்பியது. திரும்பியது சும்மா இருந்ததா? "ஏனுங்க டாக்டர், ஆளு நம்ம சாதியாத்தானுங்க இருக்கும்?"

"இருக்குங்க, கவலைப்படாதீங்க."

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனைவி முகம் மாறியது. "என்ன கூட்டம்னு கேட்டீங்களா?"

எங்கள் சாதிக்குள் பல கூட்டங்கள். ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை.

"நான் பொறந்த கூட்டமா இருந்தா எனக்கு அண்ணனாகுதுங்க. அண்ணன் புள்ளையவா நான் சுமக்கறது? வேற சாதின்னா எனக்கொண்ணுமில்ல. நீங்க எதுக்கு வாயத் தொறந்தீங்க?"

மறுநாள் மறுபடி ஓட்டம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் அதத்தானுங்க கேக்கறாங்க. மனசு சமாதானமாகட்டும்னு ஆமாங்கறது. நெசத்துல எனக்கு அவுங்க சாதியே தெரியாதுங்க."

வேறு சாதியாகவும் இருக்கலாமே என்று குதித்துக்கொண்டு வந்து அதையும் சொன்னேன்.

"நேத்து ஆமான்னாரு. இன்னைக்குத் தெரியாதுங்கறாரு. எதுல எழுதியிருக்குதுன்னு நம்பறதுங்க?"

எதிலும் எழுதியிருக்கவில்லை. எழுதி வைக்கச் சொல்லும் சட்டம் இல்லாததற்குச் சாமியைக் கும்பிட்டவனே நான்தான்.

சிகிச்சைக்குக் குறித்த நாளில் ஸ்கூட்டர் இன்ஜினை ஓடவிட்டபடி வீட்டு வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த மாதம் நான் வண்டியை எடுக்கவேயில்லை.

விசேஷ வீடுகளில் யாராவது எத்தனை குழந்தைங்க என்று கேட்டால், குறை தனக்குத்தான் என்று அவள் இன்றும் சொல்கிறாள். நான் பக்கத்தில் நின்று ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டிருப்பேன்.