குளத்தை நீந்தினேன், படமும் போட்டேன்

எனக்கு முன்கோபம் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கோபத்தில்தான் இரணைமடுக் குளத்தை நீந்திக் கடக்கிறேன் என்று வாயைவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். போவதும் பஸ், வருவதும் பஸ். ஒருநாள் திரும்பி வரும்போது இருக்க இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்தபடியே வந்து, சந்தியில் இறங்கியதும் மதகடியில் குந்தி, குடலே வெளியே வருமாப்போலச் சத்தி எடுத்தார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்குமாக ஒரு வான் ஒழுங்குசெய்தால் என்ன? வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரருக்கு ஏதாவது வேடிக்கை காட்டினால் காசு அனுப்புவார்கள். ஐம்பது வயது தாண்டிய தொந்திக்காரன் குளத்தை நீந்தினால் அது வேடிக்கைதானே.

கூட்டுறவுக் கடையில் என்னோடு வேலை செய்பவர்கள் கேலி பண்ணாமல் விடவில்லை. “முதலை கிடக்குது அண்ணை, கவனம்” என்றான் ஒருவன். “இவரைக் கடிச்சால் முதலைக்குத்தான் வருத்தம் வரும்” என்றான் மற்றவன். நான் இரண்டு மாதம் விடியற்காலையில் நீந்திப் பழகினேன். குளத்து மீனவர்கள் அந்த ஒரு நாளுக்கு வலை போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் மாதாமாதம் வான் வாடகை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். “ஆருக்கு, என்ன நோய் வருத்தம் எண்டு தெரியாமல் எப்பிடி அனுப்புறது? முகம் தெரியிற மாதிரி ஒரு படம் போடுங்கோ.” எங்கள் பக்கத்தில் உதவி என்றால் அப்படித்தான். ஒரு மூட்டை அரிசி வாங்குகிறவரும் கமராவைப் பார்த்துக்கொண்டுதான் வாங்கவேண்டும். அந்த வழக்கத்தை எத்தனையோ தரம் திட்டித் தீர்த்தவன் நான். இருந்தும் போனை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

“வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டும்தானே தம்பி?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா” என்றேன்.

காசு மெதுவாகத்தான் சேர்ந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. நீந்துவதற்கு மூன்று நாள் இருக்கும்போது படத்தை முகநூலில் எல்லாருக்கும் தெரியப் போட்டேன். நீந்துவதற்கு முதல்நாள் மதியம் அதையே பெரிதாக்கி, பனர் அடித்து, குளக்கட்டில் கட்டினேன். ‘சிறுநீரக நோயால் வாடும் தாய்க்கு உதவுவோம்’ என்ற வாசகமும் என்னுடையதுதான். நல்ல காரியம்தானே, அக்கா ஒன்றும் நினைக்கமாட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை, உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கிறேன், அக்காவின் மகள் சைக்கிளில் வந்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. ஒரே மகள். அவளுக்கு நெளுக்குளத்தில் கலியாணம் பேசியிருந்தது எனக்குத் தெரியும்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரர் படத்தைப் பாத்திட்டினம் மாமா” என்றாள். “தாய்க்கு இருக்கிற வருத்தம் பிள்ளைக்கும் வரும், எங்களுக்கு வேண்டாம் எண்டு நேற்றுப் பின்னேரம் போன் எடுத்துச் சொல்லிப்போட்டினம்.”

“அவையளுக்கு முந்தித் தெரியாதோ?”

“இடுப்பு நாரி நோவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறா எண்டுதான் அம்மா சொல்லி வைச்சிருந்தவா. நேரம் பாத்து நானே சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவர் போனில் வெளிநாட்டுக்காரருக்கு நேரடியாகக் காட்டத் தொடங்கியிருந்தார். நான் தண்ணீரில் இறங்கினேன். வானுக்காக இறங்கினேன் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் தரையில் நிற்க வெட்கமாக இருந்தது.

பாதித் தூரத்தில் சோளகக் காற்று எழும்பியது. அலை வாய்க்குள் அடித்தது. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பக்கத்தில் வள்ளம் வலித்து வந்த மீனவர், “காணும் அண்ணை, ஏறுங்கோ” என்று கையை நீட்டினார். “உன்ர வேலையைப் பார்” என்று கத்தினேன். எனக்காக ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வந்த மனிதர் அவர். கையை எடுத்துக்கொண்டார். நான் மல்லாந்து கிடந்தும் புரண்டும் ஒருவாறு அக்கரை சேர்ந்தேன். மாலை போட்டார்கள், வெடி கொளுத்தினார்கள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வந்து பனரைக் கிழித்தேன். முகநூலில் இருந்ததையும் அழித்தேன். பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தார்.

“அக்கா, நான் செய்தது பிழை.”

“பிழைதான் தம்பி” என்றார். பிறகு, “நீங்கள் என்னட்டையாவது கேட்டனீங்கள். அவளிட்டை நீங்களும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை” என்றார்.

“நான் நெளுக்குளத்துக்குப் போய்க் கதைக்கிறன்.”

“போய் என்னத்தைச் சொல்லப்போறியள்? எனக்கு வருத்தம் இல்லையெண்டோ?”

வாசலில் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த மாதம் வான் வந்தது. முதல் நாள் காலை மற்ற நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றது. மகள் தாயைக் கைபிடித்துக் கூட்டிவந்தாள். அந்த நேரம் பார்த்து என் போனுக்கு வெளிநாட்டிலிருந்து செய்தி வந்தது. வாசித்துவிட்டுப் பொக்கற்றில் போட்டேன்.

“என்னவாம்?” என்றார் அக்கா.

“வானில ஏறேக்க ஒரு படம் வேணுமாம். நான் அனுப்பமாட்டன்.”

“அனுப்பாட்டில் காசு நிண்டிடுமோ?”

இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. “நிண்டாலும் நிக்கும்” என்றேன்.

அக்கா வானுக்குள் பார்த்தார். ஒரு ஐயா கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி கிடந்தார். அக்கா மகளின் கையை விட்டார். வான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று சேலையைச் சரிசெய்தார்.

“எடுங்கோ தம்பி.”

மகள் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் எடுத்தேன். அனுப்பியும் விட்டேன். வான் வளைவு தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. படம் நல்ல தெளிவாம்.