பூட்டு எடுத்த பிறகு வந்த ஞாயிறு

எட்டாவது வரை படித்தவனுக்குக் கிடைக்கும் வேலைகள் எல்லாவற்றையும் செய்திருக்கிறேன். லாரியில் க்ளீனர், டீக்கடை, சூளூர்பேட்டையில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைப்பது. எதிலும் நிலைத்ததில்லை. சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தபோதும், சலித்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பழம் நறுக்கும் பெண்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் விடுதியில் தங்கியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அவர்களை உள்ளே விட்டு, கேட்டை வெளியே பூட்டுவது என் பொறுப்பு. முன்பணம் வாங்கியவர்கள் சீசன் நடுவில் போய்விடக் கூடாது என்பது, பணம் கொடுத்து அவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரியின் பயம்.

கூழ் அப்போதுதான் கப்பலேறி வெளிநாடு போக ஆரம்பித்திருந்தது. வாங்கும் கம்பெனியின் ஆட்கள் வந்து விடுதியைச் சுற்றிப் பார்த்தார்கள். ஆட்களை அடைத்து வைத்து வேலை வாங்கும் இடத்தில் சரக்கு எடுப்பதில்லை, அது எங்கள் கம்பெனி விதி என்றார்கள். அன்றைக்கே பூட்டைக் கழற்றினோம். ஓய்வு நேரத்தில் யாரும் வெளியே போய் வரலாம் என்று தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகை ஏறியது.

"பூட்டு வேணாமாம். மாலை வாங்கிப் போடுய்யா கேட்டுக்கு" என்றார் மேஸ்திரி என்னிடம். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "போறவ போலாம். திரும்பி வந்தா தொறக்கறது என் இஷ்டம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்தே கிடந்தது. காலையில் ஒருத்தியும் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒருத்தி மட்டும் கேட்டுக்கு வந்தாள். பால்குடி மறந்த குழந்தையை வடமாலபேட்டையில் அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள்.

"பாத்துட்டு சாய்ங்காலம் வந்துடறேண்ணா. இன்னும் நாள் போனா அது என்னை மறந்துடும். வந்தா உள்ள வுடுவியா?"

"நான் இருந்தா வுடறேன்."

"நீ இருப்பியா? நீயே எப்பவும் பையக் கட்டி வச்சிக்கினுதான குந்தினுகீற?"

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இருக்கறேன், போ" என்றேன்.

விளக்கு போட்ட பிறகும் அவள் வரவில்லை. மேஸ்திரி வந்தார்.

"ஓடிட்டா பாத்தியா? கேட்டைச் சாத்து."

நாற்காலியை இழுத்துக் கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன். "பலகைல எழுதிக்கீதே மேஸ்திரி."

"பலகையா உனக்குச் சோறு போடுது?" என்றார். ஆனாலும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. பெண்கள் சாப்பாட்டுத் தட்டோடு நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளை உள்ளே விடாவிட்டால் இனி யாரும் வெளியே காலெடுத்து வைக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி ஓட்டமாக வந்தாள். நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன். மேஸ்திரி வாய் திறப்பதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கொயந்த வந்துச்சா உங்கிட்ட?"

"மொதல்ல வர்ல. அக்கா கால கட்டிக்கினு என்னை யாரோ மாதிரி பாத்துச்சு. அப்புறம் பிஸ்கட் துன்னுகினே மடியில ஏறித் தூங்கிடுச்சி. எயுப்ப மனசு வர்ல. ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டேன்."

மேஸ்திரி செருப்பால் மண்ணைத் தேய்த்தார். "சோறு ஆறிடும், போய்த் துன்னுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு, நான் பல் துலக்குவதற்கு முன்பே ஐந்தாறு பேர் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கேட்டருகில் வந்து நின்றார்கள்.