சைகோன் போய்ப் பார்த்துவிட்டு

வியட்நாம் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக, சைகோனில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் ஊற்றவா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில், "சரித்தா. நான் அங்க வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். காளை வாங்கப் போகிறவர் சொல்கிற தோரணைதான்.

போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர் அவர். பார்க்காமல் ஒன்றைச் சரி என்று சொல்கிற ஆளில்லை. பார்க்காமல் வேண்டாம் என்றும் சொல்லமாட்டார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி. எங்கள் பக்கத்தில் அடுத்த தாலுகாவுக்குப் பெண் கொடுத்தாலே பங்காளிகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கடல் தாண்டிக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கவே வேண்டாம்.

மகள் என்னிடம் தனியாக வேறொன்று சொல்லியிருந்தாள். "அப்பா வேணாம்னா நான் மீறிப் போகமாட்டேம்மா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

ஆக, அவர் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லை நம்பித்தான் நான் பெட்டி கட்டினேன். டிக்கெட்டும் விசாவும் மகள் ஏற்பாடு. மற்றதெல்லாம் 'அங்க போயிப் பாத்துக்கிடலாம்' கணக்குதான். எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று ஒரு திட்டமும் கிடையாது. நான் புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் எடுத்துவைத்தேன். ஊரில் அவர் ஏவாரத்துக்குப் போவதாகச் சொல்லிவைத்திருந்தார். "ஏவாரத்துக்குத் தங்கச்சியவுமா கூட்டிக்கிட்டுப் போற மாப்ளே?" என்று அவருடைய கூட்டாளி, பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே கேட்டார். இவர் செருப்பை மாட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

கொச்சியில் விமானம் ஏற வேண்டும் என்பதால் போடிமெட்டு, மூணாறு வழியாகக் காரில் போனோம். ஒவ்வொரு வளைவிலும் தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் எதிரே வந்தன. தெரிந்த டிரைவரைப் பார்த்தால் இவர் கண்ணாடியை இறக்கி, மேலே மழை எப்படி என்று விசாரிப்பார். மகளைப் பற்றி மட்டும் கொச்சி வரைக்கும் பேச்சே எடுக்கவில்லை.

சைகோனில் முதல் நாள் மகளுக்கு ஆபீஸ் இருந்தது. நாங்கள் இருவரும் சும்மா சுற்றலாம் என்று கிளம்பினோம். கிளம்பி அவள் வீட்டு முக்கிலேயே நின்றுவிட்டோம். ரோடு முழுக்க ஸ்கூட்டர்கள், முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. "நிக்காம, ஓடாம, ஒரே சீரா நடக்கணும். வண்டிக்காரங்க உங்களச் சுத்திப் போயிருவாங்க" என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். சொல்வது சுலபம். நாலைந்து பேர் எங்களைத் தாண்டி இறங்கி அக்கரைக்குப் போனார்கள், ஒரு கிழவர் பேப்பர் படித்துக்கொண்டே போனார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

திடீரென்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். போடி பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பத்தடி முன்னால் நடக்கிற மனுஷன் அவர். கல்யாணத்தில் பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்க என் கையை அவர் தொட்டதே இல்லை. "கண்ண மூடிக்கிட்டு வா" என்றார். "நீங்க தொறந்துக்கிட்டு வாங்க" என்றேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்த பிறகும் அவர் கையை விடவில்லை. அங்கே எங்களுக்கு ஒரு சோலியும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரும்ப இந்தப் பக்கமே வந்தோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் ரெண்டு ரோடு இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

ஒரு காப்பிக் கடையில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஐஸும் கெட்டிப்பாலும் போட்டுக் கொடுத்த காப்பியை அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காப்பியா, பாயாசமா?" என்றார். ஆனால் முழுக்கக் குடித்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "இவ்வளவு தூரம் வந்து, தனியா வீடு பிடிச்சு இருக்காளே, இவளுக்குப் பயமாவே இல்லையா?"

"பயந்திருப்பா. உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டா."

டம்ளரில் மிச்சமிருந்த ஐஸை ஆட்டினார். அப்புறம், "பேரப்பிள்ளைக எங்கூட என்ன பாசையில பேசும்?" என்றார்.

இத்தனை நாளும் அவர் மனசில் சாதியும் சொந்தமும்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். இதுவும் ஓடியிருக்கிறது. "எந்தப் பாசையில பேசினாலும் உங்கள எதுத்துத்தான் பேசும்" என்று சொல்லிவைத்தேன். லேசாகச் சிரித்தார். சிரித்தாரே தவிர, முகம் தெளியவில்லை.

மறுநாள் பையனின் அம்மாவைப் பார்க்கப் போனோம். பெரிய மொத்த வியாபாரச் சந்தை ஒன்றில் அந்த அம்மாவுக்குக் கடை. காய்ந்த காளான், தாமரை விதை, பட்டை, அன்னாசிப்பூ என்று மூட்டைகள் வாய் திறந்து நின்றன. என் வயசுதான் இருக்கும், குட்டையான உருவம். புருஷன் செத்த பிறகு அந்தக் கடையை வைத்தே மகனைப் படிக்க வைத்ததாக மகள் சொல்லியிருந்தாள். பையன் ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தான். மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள் போலிருக்கிறது, "வாங்க, வாங்க" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னான்.

மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மேஜையில் தட்டுகளை மூடி வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பௌர்ணமி, அவர்கள் வீட்டிலும் பௌர்ணமிக்குச் சைவம்தான் என்று பையன் சொல்ல மகள் எங்களுக்குச் சொன்னாள். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. அந்த அம்மா முதலில் டீ ஊற்றினார். இவர், "இப்பத்தான் குடிச்சோம்" என்றார். சாப்பிடக் கூப்பிட்டார். "வயிறு சரியில்லன்னு சொல்லுத்தா" என்றார் இவர். பழம் நறுக்கி நீட்டினார். அதற்கும் இவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

மகள் முகம் வாடிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ போனால், சம்மதம் என்று மனசு முடிவு செய்கிற வரைக்கும் அந்த இடத்தில் கை நனைக்கமாட்டார்கள். கை நனைத்தால் சரி என்று அர்த்தம். அப்புறம் பேச்சு மாறக்கூடாது. அவர் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்பது மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கை நனைக்காத இடத்தில் நானும் நனைக்க முடியாது. மூடிய தட்டுகளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சங்கடம் தாங்காமல்தான் அவர் எழுந்து மூட்டைகள் பக்கம் போனார் என்று நினைக்கிறேன். ஒரு மூட்டையில் கருப்பாக, கொட்டைப்பாக்கு அளவில் காய் இருந்தது. அந்த ஊர் ஏலக்காய். ஒரு கை அள்ளினார். வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றை உடைத்து மோந்தார். "பொகை அடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, கையில் இருந்ததைத் தரையில் வீசினார்.

அவர் கோபத்தில் வீசவில்லை. அவமதிக்கவும் இல்லை. போடியில் ஏலம் நடக்கும் இடத்தில் மாதிரிக்காயைத் தட்டில் போட்டுக் கொண்டுவருவார்கள். வாங்குகிறவர்கள் ஒரு பிடி எடுத்து, பார்த்து, மோந்து, தரையில் போட்டுவிடுவார்கள். நல்ல காயானாலும் அப்படித்தான். ஒருத்தர் கைபட்டதைத் திரும்பத் தட்டில் போடுவதில்லை. ஏலம் முடிவதற்குள் தரையே பச்சையாகிவிடும். அதில் நடந்து நடந்து அவர் செருப்பு வீட்டுக்குள் ஏலக்காய் வாசத்தோடுதான் வரும். இவருடைய கைக்கு அது காலகாலமாகப் பழகிய வேலை.

அந்த அம்மா எழுந்து வந்தார். குனிந்து ஒவ்வொரு காயாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே மகனிடம் என்னவோ சொன்னார். மகளுக்கு அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும்.

"என்ன சொல்றாங்க?" என்றார் இவர்.

"வந்ததுல இருந்து எதையும் தொடமாட்டேங்குறாரு, இப்பத் தூக்கி எறியுறாரு. என் பையன் வேணாம்னா அத வாயால சொல்லட்டும்ங்குறாங்கப்பா." என்றாள் மகள்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயையோ, தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. எங்க ஊர்ல இப்படித்தான்" என்று அந்த அம்மாவைப் பார்த்துத் தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். "பொகை வாசம் வந்தா, எங்க பக்கம் ஏலக்காய் ஸ்டோர்ல ஒழுங்காக் காய வைக்கத் தெரியலன்னு அர்த்தம், அந்தப் பழக்கத்துல..." மகள் அதைப் பையனிடம் சொன்னாள். இந்தக் காயைப் புகையில்தான் காயவைப்பார்கள், புகை வாசம் இருந்தால்தான் விலை என்று அவன் மெதுவாகச் சொன்னதை எங்களுக்கும் சொன்னாள். மகள் தன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். லீவில் வந்தபோது அப்பாவோடு ஏலத்துக்குப் போய் எடுத்தது. அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வரிசையாக உட்கார்ந்த ஆம்பளைகள் காயைப் பார்ப்பதும் மோப்பதும் தரையில் வீசுவதுமாக இருந்தார்கள். நடுவில் இவரும் இருந்தார்.

அந்த அம்மா இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அவ்வளவும் குப்பைக்கா போகும் என்று கேட்டார். இல்லை, அப்புறம் கூட்டி அள்ளிவிடுவார்கள் என்று மகள் சொன்னாள். அந்த அம்மா போனைக் கொடுத்துவிட்டு மூட்டைக்குப் போனார். ஒரு கை அள்ளினார். இவர் செய்தபடியே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புருவத்தைச் சுளித்து, மோந்து, தன் கடைத் தரையில் தானே வீசினார்.

பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு, வேட்டி கட்டியே பழகிய மனுஷன், பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே கிடந்த காயைப் பொறுக்கினார். அந்த அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியும் விடவில்லை. கடைசிக் காய் வரைக்கும் பொறுக்கி மூட்டையில் போட்டார். எழுந்திருக்காமலேயே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"பசிக்குதுன்னு சொல்லுத்தா."

மகள் சொல்லவில்லை. அவளால் முடியவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று பையன் கேட்டான், திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில் ஒரு வார்த்தையில் சொன்னாள். ஒரு மனுஷனுக்குப் பசிக்கிறது என்பதுதான் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்த செய்தி. அவன் ஓடிப்போய்த் தட்டுகளைத் திறந்தான். அந்த அம்மா ஆறிவிட்டதே என்று பதறிக்கொண்டு குழம்பைச் சுடவைக்கப் போனார். மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். பார்த்திருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

குட்டி ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்தோம். இவர் கையைக் கழுவிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தார். காளான் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். மகள் ஒரு வாய் வைத்தாள், கண்ணீர் தட்டிலேயே விழுந்தது. துடைத்துவிட்டு இன்னொரு வாய் வைத்தாள், அதற்கும் விழுந்தது. அந்த அம்மா கரண்டியும் கையுமாக அவளையே கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் மகளைத் திரும்பிப் பார்க்காமல் முழங்கையால் லேசாக இடித்தார். "அழுகாமச் சாப்புடுத்தா. சமையல் பிடிக்கலையோன்னு சம்பந்தியம்மா நெனச்சுக்கிடப் போறாங்க."