எட்டு மணிக்கு எழுந்த கோடு

மலைவீட்டிலிருந்து எங்கள் முதலாளியம்மா சின்யோரா அழைத்தபோது காலை பத்து மணி. தாஸ் இன்னும் காப்பி கொண்டுவரவில்லை, கூப்பிட்டாலும் பதில் இல்லை என்றார். "கூரையில் நிற்பார், வருவார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்துவிட்டேன். பகல் ஒரு மணி தாண்டி சின்யோராவின் மகன் அழைத்தார். தாஸ் அண்ணை காலமாகிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மன்னாரில் பிறந்த மரியதாஸ் அண்ணையும் நானும் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியிலிருந்த சின்யோராவின் வீட்டில் பன்னிரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் சமையல், நான் துப்புரவு. அண்ணை முன்கோபி. என்னோடு சண்டை பிடிக்காத நாள் ஞாயிறு மட்டும். அன்று அவருக்குப் பூசை. ஒட்சிசன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது என்ற நிலை வந்ததும், பிறந்த மலையூரில்தான் சாவேன் என்று சின்யோரா அடம்பிடித்தார். கூடப் போக ஒருவரும் முன்வரவில்லை. "நான் போறன்" என்றவர் அண்ணைதான்.

அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும், மின்கம்பி அறும். அதற்காக மகன் கூரையில் சோலர் தகடுகளும் கீழே பற்றரியும் பூட்டிக் கொடுத்தார். பூட்ட வந்தவர்கள் பற்றரியை வெளிக்கொட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள். உறைகுளிரில் அது மின்சாரத்தை ஏற்க மறுத்தது. அண்ணை ஆளைக் கூப்பிட்டு அதைத் தன் அறைக்கு மாற்றுவித்தார். ஹீட்டரையும் அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் குசினியில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தார்.

"பற்றரியும் சின்னப் பிள்ளையும் ஒண்டு, தங்கச்சி. குளிரிலை வாய் திறக்காது" என்றார்.

முதல் பனியன்று ஒரு முட்டாள்தனமும் செய்தார். தகடுகளை மூடிய பனியைக் கரைக்கக் கேத்தலில் கொதிநீர் கொண்டுபோய் ஊற்றினார். கண்ணாடி வெடித்தது. கடற்கரை ஆட்களுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? மகனுக்குத் தானே போன் எடுத்து, உடைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டார். அதன்பின் பனி பெய்த காலைகளில் எட்டு மணிக்குப் பனியைக் கூட்டித் தள்ளத் தும்புத்தடியோடு ஏணியில் ஏறினார்.

எனக்கும் ஒரு வேலை தந்தார். தகடுகள் தரும் மின்சாரம் என் கைபேசியில் ஒரு கோடாகத் தெரியும். பனி மூடியிருந்தால் கோடு தரையிலே கிடக்கும்; அவர் துடைத்ததும் விர்ரென்று எழும்.

"எட்டரைக்குள்ளை கோடு எழும்பாட்டி எனக்குப் போன் அடி. நான் எடுக்காட்டி ஆக்களை அனுப்பு. கரண்ட் நிண்டால் பற்றரி மத்தியானம் தாண்டாது. மனிசி மூச்சில்லாமல் போயிடும்."

அன்று கோடு எட்டு மணிக்கு எழுந்தது. அதனால்தான் சிரித்தேன்.

இரவு முழுக்கப் பனி கொட்டி மின்சாரமும் நின்ற நாள் அது. சின்யோரா அழைத்து மகனும் அயலவர்களும் உழவு இயந்திரத்தால் வழி வெட்டி வீட்டை அடையப் பகல் ஒரு மணியாகிவிட்டது. அண்ணை குசினிக் கட்டிலிலேயே கிடந்தார். விடியுமுன்பே உயிர் பிரிந்துவிட்டது என்றார் வைத்தியர். சப்பாத்து கதவடியில் காய்ந்து கிடந்தது. முற்றத்தில் ஒரு காலடித் தடமும் இல்லை. ஆனால் தகடுகள் துடைக்கப்பட்டிருந்தன. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்யோரா மூச்சுவிட்டுக்கொண்டு, எட்டு மணிக்குத் தும்புத்தடிச் சத்தம் கேட்டதே என்றார்.

பனி தானாகச் சறுக்கியிருக்கும் என்றார் மகன். நானும் அப்படியே நினைத்துப் பார்த்தேன். ஆனால் பக்கத்துக் கொட்டிலின் கூரையில் முழங்கால் உயரப் பனி அசையாமல் இருந்தது என்றும் அவரே சொன்னார்.

பலெர்மோவின் கல்சாப் பகுதித் தேவாலயத்தில் பூசை முடித்து அண்ணையை அடக்கம் செய்தோம். சின்யோரா கீழே வர மறுத்தார், வேறு ஆளும் கிடைக்கவில்லை. மறுநாள் நானே மேலே போனேன். மூன்று காலைகள் பனி பெய்தது. மூன்று நாளும் நான் ஏணியைத் தொடுமுன்பே கோடு எழுந்தது. கூரையில் தும்புத்தடி இழுபடுவது எனக்கும் கேட்டது. பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். அதைவிட அழுகைதான் வந்தது. செத்த பிறகும் இந்த மனிதருக்கு லீவு இல்லையா?

நாலாம் நாளும் பனி மூடியிருந்தது; எட்டு மணிக்கு முன்பே ஏணியடியில் போய் நின்றேன்.

"அண்ணை, நீங்கள் செய்தது காணும். மனிசியை நான் பாக்கிறன். நீங்கள் இறங்கிப் போங்கோ."

யாரையும் நாங்கள் 'போயிட்டு வாங்கோ' என்றுதான் அனுப்புவோம். அன்று அந்த 'வாங்கோ'வை விழுங்கிக்கொண்டேன்.

எட்டரை வரை காத்திருந்தேன். கோடு எழவில்லை. தும்புத்தடியை எடுத்துக்கொண்டு நான் ஏறினேன்.