நாற்காலிச் சண்டையும் நான்காம் பக்கமும்

அம்மாவுக்கு ஆளைப் பார்த்தால் முகம் மனதில் நிற்காது, தோள்தான் நிற்கும். முப்பத்தொரு வருடம் தையல் கடை. கடை வாய்க்காலின் இந்தக் கரையில், வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அந்தக் கரையில். நடுவில் நாற்பதடி நீள நடைபாலம்.

ஒருமுறை இரண்டு கரைக்கும் அடிதடி மூண்டது. மூன்று கடைகள் எரிந்தன. பாலத்தின் இரு முனையிலும் நகராட்சி கேட் போட்டுப் பூட்டியது. ஒரு பொத்தான் தைக்க நாலு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருந்தது. அம்மா நகராட்சிக்கு நடையாய் நடந்து, சனிக்கிழமை நாலு மணி முதல் ஐந்து மணி வரை மட்டும் கேட்டைத் திறக்க வைத்தாள். அவள் போட்ட விதி ஒன்றுதான்: வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து எதிர்க்கரைக்காரர் பக்கத்தில் போட்டு உட்கார வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

முதல் சனி ஒன்பது நாற்காலி. பதினோராவது சனி அறுபத்து நான்கு.

அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. பாலத்தைத் திறப்பதா, இடிப்பதா என்று மாதக் கடைசியில் நகராட்சிக் கூட்டம் முடிவு செய்யுமாம்.

"மக்கள் பாலம் வேணும்னு கேக்கறதா எங்கயும் தெரியலையேம்மா," என்றார் நகராட்சிப் பொறியாளர். "உள்ளூர்ப் பேப்பர்ல ஒரு வரி வந்திருக்கா? இருந்தா குடுங்க, நானே கூட்டத்துல பேசறேன்."

அம்மா பேப்பர் ஆபீஸ் படியேறினாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. நிருபருக்கு நாற்பது வயதிருக்கும். கேமராப் பை தொங்கித் தொங்கி இடது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. அம்மா நீட்டிய காகிதத்தைப் படித்தார். 'பாலம்: 40 அடி. நேரம்: 4 முதல் 5. நாற்காலி: 64. இந்தக் கரை 31. அந்தக் கரை 33. சண்டை: இல்லை.'

"என்னம்மா இது, சட்டைக்கு அளவெடுத்த சீட்டு மாதிரி இருக்கு?"

"அளவு சரியா இருக்கு தம்பி."

"அமைதியா உக்காந்திருந்தாங்கன்னு போட்டா யாரும்மா படிப்பா? சண்டை நடந்தா ஒரு போன் போடுங்க. பத்து நிமிஷத்துல வந்து நிக்கறேன்."

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனுக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதால் பட்டப்பெயர் ஃபியூஸ். அவர் யோசனை சொன்னார்: "ஐந்நூறு பேருன்னு எழுதுங்கக்கா. யாரு எண்ணப் போறா?"

"அளவுல பொய் சொன்னா போட்டுப் பாக்கறப்ப பிதுங்கிடும்டா."

மூன்று வாரம், மூன்று சீட்டு. ஒரு வரிகூட வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய சனி. வினை அதற்கு முந்தின வாரமே நடந்திருந்தது. எல்லோரும் கொண்டுவருவது ஒரே மாதிரி சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. திடீரென்று தூறல் விழுந்ததும் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். அந்தக் கரையின் ரிட்டயர்டு பஸ் டிரைவருக்கு வாய்த்தது கால் ஆடும் நாற்காலி. ஒரு வாரம் ஆடிய கோபத்தோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர், ஃபியூஸ் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்தார்.

"இது என்னுது. எந்திரிய்யா."

"உன்னுதா? பத்திரம் வச்சிருக்கியா?"

"இருபத்தெட்டு வருஷம் ஒரே சீட்ல உக்காந்தவன்யா நான். என் நாற்காலி என் முதுகுக்குத் தெரியாதா?"

"அப்ப உன் முதுகைச் சாட்சிக்குக் கூப்பிடு!"

ஃபியூஸ் எழுந்தார். ஆளுக்கு இரண்டு கால் பிடித்து இழுத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கட்சி கட்டினார்கள். அம்மா எண்ணினாள். இந்தக் கரையில் பாதிப் பேர் டிரைவர் பக்கம். அந்தக் கரையில் பாதிப் பேர் ஃபியூஸ் பக்கம்.

போனை எடுத்தாள். "தம்பி, பாலத்துல சண்டை. நிஜமாவே."

ஒன்பதாவது நிமிடம் நிருபர் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "எங்கம்மா சண்டை?"

"அதோ."

கேமரா உயர்ந்தது. சிரிப்பில் குலுங்கி இறங்கியது. மறுபடி உயர்ந்தது. யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள், அந்த ஆடும் நாற்காலியில். போகும்போது அம்மா அன்றைய சீட்டைக் கையில் திணித்தாள்.

திங்கள் காலை, நான்காம் பக்கம்: 'பாலத்தில் இரு கரையினர் மோதல்'. அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் வாயாலேயே பாலத்தை இடித்துவிட்டோம் என்று நினைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீதியைப் படித்தாள். 'காரணம்: சிவப்பு நாற்காலி, ஒன்று. காயம்: சிரித்ததில் பலருக்கு வயிற்றுவலி. நாற்காலி: 71. இந்தக் கரை 35. அந்தக் கரை 36. யார் எந்தக் கட்சி என்று பிரிக்க முடியவில்லை.'

கூட்டத்தில் பொறியாளர் அதை உரக்கப் படித்தார். பாலத்தை இடிக்கச் சொல்லிவந்த கவுன்சிலரே முதலில் சிரித்தாராம். மறுவாரம் இரண்டு கேட்டும் கீலோடு கழற்றப்பட்டன. நிருபருக்கு அம்மா ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், இடது தோளில் முக்கால் அங்குலம் பஞ்சு வைத்து.

ஆறு வருடம் கழித்து அம்மா போன அன்று, வந்தவர்கள் உட்கார வீட்டில் நாற்காலி போதவில்லை. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பாலத்தின் வழியே நாற்காலிகள் தலைமேல் கவிழ்ந்தபடி வந்தன. எண்ணிக்கை: 212. எல்லாம் சிவப்பு.

மாலையில் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டு போனபின் ஒன்று மிஞ்சியது. கால் ஆடியது.

"உன்னுதுதான், எடுத்துட்டுப் போய்யா," என்றார் டிரைவர்.

"சத்தியமா என்னுது இல்ல," என்றார் ஃபியூஸ். "என் முதுகைக் கேளு."

வாசலில் நின்ற நிருபர்தான் முதலில் சிரித்தார். தோள் நேராக இருந்தது. அன்று அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

நாற்காலியை அம்மாவின் மெஷினுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் ஆடுகிறது.