பப்பாளி நிற நிலைகள்

எவரிஸ்தோ பெகேரோவின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. எங்கள் ஊரான அசுவாவிலிருந்து தலைநகருக்குப் பயணிகள் வேன் ஓட்டியவர். தேவையில்லாமல் ஹாரனைக்கூட அமுக்க மாட்டார். ஒருநாள் சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, முதுகு வலிக்கிறது, இனி ஓட்டப்போவதில்லை என்றார். யாரும் துருவிக் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் முதுகு போகாதவர்கள் குறைவு.

பிறகுதான் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்.

அவர் மனைவி தெல்மிரா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். வெள்ளை என்றால் அவளுக்கு உயிர். சுவர் பால் நிறம், திரைச்சீலை வெள்ளை, மேசை விரிப்பு அவளே பின்னிய வெள்ளை. அந்த வீட்டில் ஒருநாள் சமையலறைக் கதவு நிலை பழுத்த பப்பாளி நிறத்துக்கு மாறியது. அடுத்து மற்ற நிலைகள். கொல்லைப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை. ஒவ்வொரு ஸ்விட்சைச் சுற்றியும் சிவப்பு வளையம்.

"இது வீடா, ரம் கடையா?" என்றாள் தெல்மிரா.

"கொஞ்சம் கலகலன்னு இருக்கட்டுமே."

"அம்பது வயசுக்கு மேல என்னய்யா கலகலப்பு?"

அது தேர்தல் வருடம். பப்பாளி நிறம் ஒரு கட்சியின் நிறமாகவும் இருந்தது. கசில்தாவின் மளிகைக்கடை வாசலில் டோமினோ ஆடும்போது நிகானோர் விடவில்லை. நிகானோர் ஒல்லியான, நெட்டையான ஆள்.

"என்ன அண்ணே, வீட்டுலயே கட்சி ஆபீஸ் தொறந்தாச்சாம்? கொடி எப்ப ஏத்துறீங்க?"

"ஏத்துறப்ப உன்னத்தான்டா மொதல்ல கூப்புடுவேன். கம்பம் வேணும்ல."

மேசை முழுக்கச் சிரித்தது. எவரிஸ்தோ டோமினோ காய்களில் எண்ணைக் காட்டும் குழிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே ஆடினார். பாதிப்பேர் அப்படித்தான் ஆடுவார்கள்.

தலைநகரிலிருந்து தெல்மிராவின் தங்கை வருவதாக இருந்தது. வீட்டைப் பற்றி எதையாவது சொல்லாமல் போகிறவள் அல்ல அவள். எவரிஸ்தோ முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, தெல்மிரா சமையலறை நிலையை மறுபடி பால் நிறமாக்கிவிட்டாள். பிரஷ்ஷால் கடைசி இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தபோது அவர் திரும்பி வந்தார். அடுப்பில் காப்பி வாசனை. எப்போதும் போல வேகமாக நடந்து, நேராக நிலையில் போய் மோதினார். புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினாள், பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தெரியலதான், தெல்மிரா."

துணியை வைத்து அழுத்திக்கொண்டே அவள் கேட்டாள். அவர் சொன்னார். குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும்தான் தெரிகிறது. அதுவும் மங்கல். சாலை ஓரத்தில் நடந்து வந்த ஒரு பெண்ணைக் கடைசி நொடியில்தான் பார்த்தாராம். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீட்ட விட்டு என்னை வெளிய விடமாட்ட. வெள்ளையில வெள்ளை எனக்குப் பிரிஞ்சு தெரியல. இந்தக் கலர் மட்டும், இங்க இருக்கேன்னு கூப்புடுது."

தெல்மிரா அழவில்லை. பால் நிறம் காய்வதற்குள் அதன் மேலேயே பப்பாளி நிறத்தை அடித்தாள். அது வழிந்து, காய்ந்து, இன்றும் அந்த நிலையில் தழும்பு போல இருக்கிறது.

கண்ணில் அழுத்தம் என்றார் டாக்டர். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து கொஞ்ச காலம் காப்பாற்றும் என்றார். அதற்குப் பிறகு வீட்டின் நிறங்களை முடிவு செய்தது தெல்மிராதான். வெள்ளைத் தட்டில் சோறு தெரியவில்லை என்றதும் நீலத் தட்டுகள் வந்தன. நாற்காலிகளும் நீலமாயின. குளியலறைக்கு அவர் சிவப்புதான் வேண்டும் என்று சண்டை போட்டார். பொழுது சாய்ந்ததும் சிவப்பு கறுத்துப் போகிறது என்று அவரே ஒப்புக்கொண்ட பின், அதைச் சுரண்டிவிட்டு மஞ்சள் அடித்தாள்.

தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னடி இது, கார்னிவலா?"

"ஆமா. உள்ள வா. புடிக்கலன்னா கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடு."

விஷயம் தெரிந்த பிறகும் நிகானோரின் கேலி குறையவில்லை. ஆனால் கசில்தா தன் கடைப் படிகளுக்கு மஞ்சள் அடிக்க வைத்தாள். கேட்டவர்களிடம், "குடிச்சிட்டு விழுறவனுங்களுக்காக" என்றாள். பெயிண்ட் வாங்கிவந்து அடித்துக் கொடுத்தவன் நிகானோர்.

நாலைந்து வருடம் அப்படி ஓடியது. பிறகு நடுவில் இருந்த வட்டமும் மூடிக்கொண்டது. இப்போது எவரிஸ்தோ சுவரைத் தொட்டு நடக்கிறார், டோமினோவில் ஜெயிக்கிறார், காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று குறைசொல்கிறார். நிறம் அவருக்குப் பயன்படுவதில்லை. ஆனாலும் தெல்மிரா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வீட்டுக்குக் கலர் கலராகப் பெயிண்ட் அடிக்கிறாள். ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

"பால் நிறத்தப் பாத்தா இப்ப ஆஸ்பத்திரி ஞாபகம் வருது" என்றாள்.

போன டிசம்பரில் முன்சுவருக்கு அடர்ந்த கத்திரிப்பூ நிறம் அடித்தாள். எவரிஸ்தோ ஆடுநாற்காலியில் உட்கார்ந்து பெயிண்ட் வாசனை பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கலர்?"

சொன்னாள்.

"ஐயையோ, பப்பாளிக்குப் பக்கத்துலயா? பாக்கச் சகிக்காதே!"

"நீயா பாக்கப்போற?"

அவர் இருமல் வரும் வரை சிரித்தார். தெல்மிரா ஏணியை அடுத்த ஜன்னல் பக்கம் நகர்த்தினாள்.