நாலரை மணிக்குக் குளிக்கும் பினாங்கு

ஊர் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் மின்சார ஆபீசில் என் வேலை. கோடு சரியாக வந்தால் யாருக்கும் என் பெயர் தெரியாது, கோணலாக வந்தால் மேலே இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆபீசில் குப்பை கொட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். அதுவரை கிராஃப் தாளில் கையால் போட்ட கோட்டைப் போட ஒரு கம்ப்யூட்டர் மென்பொருள் வந்தது. மீட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி மாட்டுவோம். அது அரை மணிக்கு ஒரு தடவை குறித்து வைக்கும். அதையெல்லாம் உள்ளே போட்டால், வீடு, கடை, தொழிற்சாலை என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு நாளின் கோடு வெளியே வரும். எந்த வட்டாரத்துக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எஞ்சினியர் லிம் எனக்கு ஆறு மாதம் கொடுத்தார். சரியாக வராவிட்டால் பழையபடி புகார் கவுண்டர். அங்கே ஒன்பது வருடம் திட்டு வாங்கியவன் நான். என் மனைவியோ நான் கம்ப்யூட்டர் ஆபீசர் ஆகிவிட்டதாகத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

நல்ல பிள்ளைகள்

சுங்கை பினாங்கில் எனக்குத் தெரிந்த லெட்சுமி அக்கா வீட்டில் முதல் பெட்டியை மாட்டினேன். அவர் கணவர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பெட்டி பழுது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆபீஸ் பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று டி.வி. போடவில்லை, துணி தேய்க்கவில்லை. அக்காவின் கணவர் இரண்டு வாரமாகக் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போயிருக்கிறார். வழக்கம்போல இருங்கள், அதுதான் எனக்கு வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அக்கா என்னை முறைத்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ரெண்டு வாரம் தமிழ்ப் படம் பாக்காம இருந்திருப்போமா, தம்பி?"

இரண்டிலிருந்து நாலு வரை

கடை வகைக்கு ஒரு சலவைக் கடை கிடைத்தது. இஸ்திரிப் பெட்டி காலை முழுக்க ஓடும். தினமும் இரண்டு மணிக்குக் கோடு விழும், நாலு மணிக்கு எழும். கடையைப் பார்த்துக்கொள்ளும் முத்துவிடம் தாளைக் காட்டி என்ன விஷயம் என்று கேட்டேன். நாற்பது வயது மனிதர், முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில் முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போவாராம். இவர் துணி மூட்டை மேல் சாய்ந்துவிடுவாராம்.

தனிக் கடையின் கோடு வெளியே போகாது, எல்லாக் கடையையும் சேர்த்துச் சராசரிதான் எடுப்போம், உங்கள் தூக்கம் அதில் கரைந்துவிடும் என்று ஆறுதல் சொன்னேன். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப மத்த கடையில யாருமே தூங்குறது இல்லையா, அண்ணே?"

மேடு

பொங்கல் முடிந்து வீடுகளின் கோட்டை அச்சடித்துப் பெருமையோடு லிம் மேஜையில் வைத்தேன். மாலை ஏழு மணிக்கு எதிர்பார்த்த மலை இருந்தது. விடிவதற்கு முன்னால் இன்னொரு மலையும் இருந்தது. லிம் அதன்மேல் பேனாவை வைத்துக்கொண்டு மென்பொருளில் கோளாறா என்று கேட்டார். அன்று மாலை வரை எண்களைத் துருவினேன். மென்பொருள் பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் என்னுடையது. முன்பின் தெரியாதவன் பெட்டியோடு வந்து நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? எனக்குத் திறந்தவர்கள் கோயில் கமிட்டிக்காரர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள், என் சொந்தக்காரர்கள். அளந்ததோ மார்கழி மாதம். எல்லார் வீட்டிலும் விடியற்காலையில் குளிக்க ஹீட்டர், ரேடியோவில் பக்திப் பாட்டு, பிறகு கோயில். அந்த மேடு என் கண்ணில் உறுத்தவே இல்லை, ஏனென்றால் என் வீட்டிலும் அதே நேரத்தில் ஹீட்டர் ஓடியது. வெட்கமாக இருந்தது. உள்ளதை உள்ளபடி லிம்மிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மணியம், உன் கம்ப்யூட்டரை நம்பினா பினாங்கு முழுக்க நாலரைக்குக் குளிக்குதுன்னு நான் மேல எழுதணும். ரெண்டு மாசம் தர்றேன், அதுக்கு மேல கவுண்டர்தான்."

திட்டின கதவு

தமிழர் அல்லாதவர்கள் வீட்டையும் அளக்க, பெட்டியோடு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஏறினேன். முதல் மாடியில் நாலு கதவும் திறக்கவில்லை. இரண்டாவது மாடியில் ஒரு சீன ஆன்ட்டி கம்பிக் கதவு வழியாக என்னை உற்றுப் பார்த்தார். எனக்கும் முகம் தெரிந்தது. கரண்ட் போனபோதெல்லாம் கவுண்டருக்கு வந்து, மலாயில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியவர். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவர் கதவைத் திறந்தார். "எவ்வளவு ஏசினாலும் எழுதிக்கிட்டவன் நீதானே?" என்றார். மறுநாள் ஆளை அனுப்பிச் சரிசெய்தேனாம், எனக்கே மறந்துபோயிருந்தது. அவரே எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாவும் ஒரு காலத்தில் என்னைத் திட்டியவர்தான். அன்று முழுவதும், என்னைத் திட்டியவர்களாகத் தேடித் தேடிக் கதவைத் தட்டினேன். வந்த வேலை நடந்தது. புவாசா தொடங்குமுன் அளந்து முடித்துவிடு என்று மக்சிக் சொன்னதால் பிழைத்தேன். நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டிலும் நாலரைக்கு விளக்கு எரியுமாம்.

புதுக் கோட்டில் ஒரே மலை, மாலை ஏழு மணிக்கு. ஜெலுத்தோங்குக்கு டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. நான் கவுண்டருக்குத் திரும்பவில்லை. லிம் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது பினாங்கு லா, மணியம். அது உன் வீடு."

இத்தனை வருடம் கோடு போட்டு நான் கண்டது இவ்வளவுதான்: சராசரி மனிதன் எப்படி வாழ்கிறான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும், ஆனால் அவன் வீட்டுக்குள் நுழைய முதலில் அவனிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டும்.